பித்யாவும் வித்யாவும்: கொல்கத்தாவில் பெண்குழந்தைக்குப் பெயர் தேடுவது

2012 மார்ச்சில் வெளியான சுஜாய் கோஷின் 'கஹானி' படத்தில், காணாமல்போன கணவனைத் தேடி லண்டனிலிருந்து கொல்கத்தாவுக்கு வந்து இறங்குகிறாள் பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி. பெயர் வித்யா வெங்கடேசன் பாக்சி. தமிழ்ப்பெண், வங்காளியைக் கட்டியவள். ஊரில் பார்க்கிறவர்கள் எல்லாம் அவளை 'பித்யா' என்கிறார்கள். அவள் 'வித்யா' என்று திருத்துகிறாள். மறுபடியும் 'பித்யா' என்கிறார்கள். கொலையும் உளவும் சதியுமாகப் போகிற கதையில் இந்தச் சின்னச் சண்டையும் நடுநடுவே ஓடுகிறது. அந்த வேடத்தில் நடித்த வித்யா பாலன் பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்துப் பெண். அவர் நடித்து முதலில் திரைக்கு வந்ததே 2003இன் 'பாலோ தேகோ' என்ற வங்காளப் படம்தான். வங்காளிகள் வாயில் தன் பெயர் என்ன ஆகும் என்பது அவருக்கு அப்போதே தெரிந்திருக்கும்.

அதே படத்தில் ராணா என்கிற இளம் போலீஸ்காரர் அவளுக்கு ஒரு விஷயத்தை விளக்குவார். வங்காளிக்கு இரண்டு பெயர். வீட்டிலும் தெருவிலும் கூப்பிடுவதற்கு 'டாக் நாம்'. பள்ளிக்கூடம், அலுவலகம், கல்யாணப் பத்திரிகை ஆகியவற்றுக்கு 'பாலோ நாம்'. ராணா என்பது அவருடைய டாக் நாம், சாத்யகி பாலோ நாம். எழுத்து ஒன்றும் வாய் ஒன்றுமாக இருப்பது, ஓர் ஆளுக்கு இரண்டு பெயர் இருப்பது ஆகிய இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் கொல்கத்தாவில் பெண்குழந்தைக்குப் பெயர் வைப்பதில் உள்ள சிக்கல் பிடிபடும்.

சிக்கல் என்னவோ உலகப் பொதுவானதுதான். அழகான பெயர் ஒன்று மனதில் விழுந்துவிட்டது. ஆனால் ஊரார் வாயில் அது என்ன பாடு படுமோ என்று பயம். இந்தப் பெயரையே வைப்பதா, எல்லார் நாக்குக்கும் இடைஞ்சல் தராத வேறொன்றைப் பார்ப்பதா? பெரும்பாலான பெற்றோர் இதை நாக்கைப் பற்றிய கேள்வியாகவே எடுத்துக்கொள்கிறார்கள். பெயர் கெடுவது நாக்கில் குறைவு, ஆங்கில எழுத்தில்தான் அதிகம் என்பது என் கட்சி. அதைக் காட்ட கொல்கத்தாவை விடத் தோதான ஊர் இந்தியாவில் இல்லை.

வங்காள மொழி சமஸ்கிருதச் சொல்லை எழுத்து மாறாமல் எழுதிக்கொள்ளும். சொல்லும்போது தன் போக்கில் சொல்லும். அகரம் பல இடங்களில் ஒகரமாகும். வகரம் 'பால்' என்பதில் வரும் பகரமாக இல்லாமல் 'பாபு'வின் பகரமாகும். சொல்லின் முதலில் நிற்கும் யகரம் ஜகரமாகும். மூன்று சகரங்களும் பெரும்பாலும் 'ஷ' என்ற ஒரே ஒலியில் போய் விழும். க்ஷ என்பது க்க ஆகும். மெய்யோடு ஒட்டி வரும் ய, வ, ம மூன்றும் பல இடங்களில் தாங்கள் மறைந்து, ஒட்டியிருந்த மெய்யை இரட்டித்துவிட்டுப் போகும். எனவே அபர்ணா 'ஒபொர்னா'. அனன்யா 'ஒனொன்னா'. மீனாக்ஷி 'மினாக்கி'. லக்ஷ்மி 'லொக்கி'. சரஸ்வதி 'ஷொரொஷ்ஷொதி'. யசோதரா 'ஜொஷோதொரா'. சுவாதி 'ஷாதி'. எழுத்தாளர் மகாஸ்வேதா தேவி தம் ஊரில் 'மொஹாஷ்ஷேதா'. பத்மா என்கிற பெயரில் மகரம் கரைந்துபோய் 'பொத்தா' என்று நிற்கும். அந்தத் தகரத்தை 'பத்மா'வில் சொல்வது போல மெலிதாகச் சொல்ல வேண்டும். தமிழ் எழுத்தில் அதைக் காட்ட வழியில்லை, வாசகர் பொறுத்துக்கொள்க.

இதையெல்லாம் கொச்சை என்று ஒதுக்க முடியாது. சுனிதி குமார் சட்டர்ஜி 1926இல் வங்காள மொழியின் தோற்றத்தையும் வளர்ச்சியையும் பற்றிக் கல்கத்தா பல்கலைக்கழகத்தின் வழியே வெளியிட்ட பெருநூல், இந்த ஒலி மாற்றங்களை ஒழுங்கான வரலாறாக எழுதிக் காட்டியது. நாமும் இதைச் செய்தவர்கள்தாம். லக்ஷ்மணனை இலக்குவன் ஆக்கினோம், விபீஷணனை வீடணன் ஆக்கினோம், அதற்கு நன்னூலில் விதியும் வகுத்தோம். ஒரு வேறுபாடு உண்டு. நாம் ஒலியை மாற்றியபோது எழுத்தையும் மாற்றிவிட்டோம். வங்காளி எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு ஒலியை மட்டும் மாற்றினார். அதனால் வங்காளப் பெயரைப் படிக்கும் தமிழர் துணிச்சலாகவே தவறு செய்வார். அபர்ணா நமக்குத் தெரிந்த பெயர், அதில் சந்தேகம் என்ன? சத்யஜித் ராய் 1955இல் எடுத்த 'பதேர் பாஞ்சாலி'யைத் தமிழ்நாட்டில் எத்தனையோ பேர் உருகி உருகிப் பார்த்திருக்கிறோம். அந்தப் பையனை இன்றும் 'அபு' என்றே சொல்கிறோம். படத்தில் அவனை எல்லாரும் கூப்பிடுவது 'ஓபு' என்று.

வங்காளியும் வங்காளியும் பேசிக்கொள்ளும் வரை இதில் ஒரு குழப்பமும் இல்லை. ஜீவனானந்த தாஸின் புகழ்பெற்ற கவிதை 1935இல் 'கவிதா' இதழில் வந்தபோது, அதன் நாயகியின் பெயரை வனலதா என்ற எழுத்தில் பார்த்த வாசகர் தன்னையறியாமல் 'பொனொலொதா' என்றுதான் படித்திருப்பார். சொல்லிப் பார்த்தால் அந்தப் பெயரின் அழகே அதிலுள்ள ஒகரங்களில் இருப்பது தெரியும். தமிழில் வனலதாவுக்கும் அழகுண்டு. ஆனால் அது வேறு அழகு.

குழப்பம் ஆங்கில எழுத்தோடு வந்தது. இந்தியப் பெயர்களை ரோமன் எழுத்தில் எழுதுவதற்கு வில்லியம் வில்சன் ஹன்டர் என்கிற வங்காள சிவில் சர்வீஸ் அதிகாரி 1870களில் ஒரு முறை வகுத்தார். இன்றுவரை அரசாங்கப் புழக்கத்தில் இருப்பது அதன் வழிவந்த முறைதான். அதன்படி இந்திய மொழி எதுவானாலும் அகரத்துக்கு ஆங்கிலத்தின் முதல் எழுத்து. காசியில் சரி, மதுரையில் சரி. கல்கத்தாவில் மட்டும் அது கண்ணுக்குச் சரி, காதுக்குத் தப்பு. அன்று முதல் வங்காளப் பெற்றோருக்கு இரண்டு வழி. வங்காள எழுத்தைப் பார்த்து ஆங்கிலத்தில் எழுதலாம், அல்லது சொல்வதைக் கேட்டு எழுதலாம்.

ஒரே வீட்டில் இரண்டு வழியையும் பார்க்க முடியும். நடிகையும் இயக்குநருமான அபர்ணா சென் பிறந்தது 1945இல். அவர் பெயர் ஆங்கிலத்தில் கண்வழி எழுதப்பட்டது, 'ஏ'யில் தொடங்கி 'ஏ'யில் முடியும். அவர் மகள் 1979இல் பிறந்தார். வளையலைக் குறிக்கும் கங்கணா என்ற சமஸ்கிருதப் பெயர்தான் அவருக்கு. இமாச்சலத்தில் பிறந்த கங்கணா ரனாவத்தின் பெயரும் இதே சொல்லிலிருந்து வந்ததுதான். அபர்ணா சென் மகளின் பெயரோ ஆங்கிலத்தில் காதுவழி எழுதப்பட்டு, இரண்டு 'ஓ'க்களுடன் கொங்கொனா ஆனது. அதன் பயன் கண்கூடு. அம்மாவின் பெயரை இந்தியா முழுக்க அபர்ணா என்றே சொல்கிறார்கள். மகளின் பெயரை டெல்லிக்காரரும் சென்னைக்காரரும் ஏறக்குறைய வங்காளி சொல்வது போலவே சொல்லிவிடுகிறார்கள். அப்படிச் சொல்கிறவர்களில் பலருக்கு அதுவும் கங்கணாதான் என்பது தெரியாது. ஒலியைக் காப்பாற்றியதற்குக் கொடுத்த விலை, பெயரின் பிறப்பு மறைந்துபோனது. அது பெரிய விலை என்று எனக்குத் தோன்றவில்லை.

ஊரே பிற்பாடு இதே வழிக்கு வந்தது. 2001 ஜனவரி 1 முதல் ஆங்கிலத்தில் கல்கத்தா கொல்கத்தா ஆயிற்று. வங்காள எழுத்தில் அந்தப் பெயரின் முதலெழுத்து வெறும் ககரம்தான். அதைக் காதுவழி 'ஓ' போட்டு எழுதியதுதான் மாற்றம். கொங்கொனா தன் ஊரை 21 ஆண்டுகள் முந்திக்கொண்டார்.

காதுவழி எழுதுவது எப்போதும் வெல்லும் என்று சொல்ல மாட்டேன். 2020 ஜூனில் தமிழ்நாடு அரசு 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணை வெளியிட்டது. கோயம்புத்தூரின் ஆங்கிலப் பெயர் நீண்டு பெருத்தது. வேலூருக்கு இரட்டை 'ஈ' போட்டார்கள், ஆங்கிலம் படித்தவர்கள் அதை 'வீலூர்' என்று படித்துச் சிரித்தார்கள். ஒரு வாரத்துக்குச் சற்று அதிகமாகத் தாக்குப்பிடித்த ஆணை ஜூன் 18 அன்று திரும்பப் பெறப்பட்டது. ஆங்கில எழுத்துக்கு நிலையான ஒலி கிடையாது, அதை நம்பி எதையும் அப்படியே பிடித்து வைக்க முடியாது. ஒரு குழந்தையின் பெயரை எழுதும்போது 1,018 ஊர்களுக்குப் பட்ட பாட்டை நினைத்துக்கொள்வது நல்லது.

இரண்டு வழியும் ஒரே பெயருக்குள் கைகோத்து நிற்பதும் உண்டு. எழுத்தாளர் நவநீதா தேவ் சென் 1938இல் கல்கத்தாவில் பிறந்தபோது அவருக்குப் பெயர் கொடுத்தவர் ரவீந்திரநாத் தாகூர். வங்காளிகள் சொல்வது 'நொபொனீதா'. அவர் ஆங்கிலத்தில் எழுதிய பெயரில் அகரங்கள் கண்வழியே இருக்க, 'வ' மட்டும் 'பி'யாகி, 'நீ'யில் இரட்டை 'ஈ' வந்து உட்கார்ந்திருக்கிறது. இதற்கு முன்பு 1933இல் சாந்திநிகேதனில் பிறந்த ஒரு பையனுக்கும் தாகூர் பெயர் வைத்தார். உலகம் அவரை அமர்த்தியா சென் என்கிறது. வீட்டார் 'ஒமொர்த்தொ' என்பார்கள். அதுவும் யாராவது பாலோ நாம் சொல்லிக் கூப்பிட்டால்தான். வீட்டில் அவர் பாப்லு.

டாக் நாமின் மகிமை இங்கேதான் தெரிகிறது. சத்யஜித் ராய் மாணிக், ஷர்மிளா தாகூர் ரிங்கு, அபர்ணா சென் ரீனா. திரையுலகில் இன்றும் அவரை 'ரீனாதி' என்பவர்கள் உண்டு, 'ரீனா அக்கா' என்று நாம் சொல்வது போல. டாக் நாமுக்குப் பெரும்பாலும் பொருள் தேட வேண்டியதில்லை. புபாய், டுக்டுக், மிஷ்டி, டின்னி, குக்கு என்று நாக்கு எளிதில் எட்டுகிற எதுவும் பெயராகலாம். இந்த ஏற்பாட்டில் ஒரு நுட்பம் இருக்கிறது. அன்றாடம் அழைக்கிற பாரத்தை டாக் நாம் சுமந்துகொள்வதால், பாலோ நாம் எவ்வளவு கனமாகவும் இருக்கலாம். மிருண்மயீ, ஜ்ஞானதாநந்தினி, மதுரிலதா என்று காவியத்திலிருந்தோ அகராதியின் அடியாழத்திலிருந்தோ எடுத்து வைக்கலாம், யாரும் அதைச் சந்தைக்கடையில் கத்திக் கூப்பிடப் போவதில்லை. பெயர் அழகாகவும் இருக்க வேண்டும், வாயில் சிக்கவும் கூடாது என்ற இரட்டை ஆசையை வங்காளிகள் இரண்டு பெயராகப் பிரித்துத் தீர்த்துக்கொண்டார்கள். அன்னப்பிராசனத்தில் முதல் சோறு ஊட்டுவதற்குள், பெண்குழந்தைக்குப் பெரும்பாலும் ஐந்தாம் அல்லது ஏழாம் மாதத்துக்குள், பாலோ நாம் முடிவாகிவிடுவது வழக்கம். டாக் நாம் அதற்கு வெகு முன்னரே, தொட்டிலைச் சுற்றி நின்றவர்கள் வாயிலிருந்தே வந்திருக்கும்.

பெண்களுக்கு இந்தக் கணக்கில் ஒரு துண்டு விழுந்தே வந்திருக்கிறது. 1883 டிசம்பரில் தாகூர் வீட்டுக்கு மருமகளாக வந்த சிறுமி பவதாரிணி, கல்யாணத்தோடு மிருணாளினி ஆக்கப்பட்டார். பழைய பெயர் நாகரிகமாக இல்லை என்று புகுந்த வீடு நினைத்தால் பாலோ நாமும் போய்விடும். அதே 1883இல்தான் சந்திரமுகி பாசுவும் காதம்பினி பாசுவும் பெத்தூன் கல்லூரியில் படித்து, கல்கத்தா பல்கலைக்கழகத்தின் முதல் பெண் பட்டதாரிகள் ஆனார்கள். பட்டத்தில் எழுதிய பெயரைப் புகுந்த வீட்டில் அவ்வளவு எளிதாக மாற்ற முடியாது. பெண்ணின் பாலோ நாம் கெட்டிப்பட்டதில் பள்ளிப் பதிவேட்டுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் பெரிய பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

பள்ளிக்கூடமே இந்த ஏற்பாட்டைக் கவிழ்த்த கதையும் உண்டு. 1967இல் லண்டனில் கொல்கத்தாப் பெற்றோருக்குப் பிறந்த ஒரு பெண்ணுக்கு நீலாஞ்சனா, சுதேஷ்ணா என்று இரண்டு பாலோ நாம்கள் இருந்தன. இரண்டும் கேட்க இனியவை. குடும்பம் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்துக்குப் போனது. கிங்ஸ்டன் நகரத்துப் பாலர் பள்ளி ஆசிரியைக்கு இவற்றைவிட வீட்டில் கூப்பிட்ட பெயர் எளிதாக இருந்தது, அதையே பதிவில் வைத்துக்கொண்டார். ஜும்பா லாஹிரி என்ற எழுத்தாளரின் பெயர் நிலைத்தது இப்படி. நெருங்கியவர்கள் மட்டும் சொல்ல வேண்டிய பெயர் புத்தக அட்டைக்கு வந்துவிட்டது, ஊருக்கென்று வைத்த பெயர் உள்ளே போய்விட்டது. 2003இல் வந்த 'தி நேம்சேக்' நாவலில் கோகோல் என்ற பையனின் பெயர் படும் பாடு இங்கிருந்து முளைத்ததுதான். நாவலைப் படித்தவர்கள் அதைக் குடியேறியவர்களின் அடையாளச் சிக்கலாகவே பெரிதும் பேசினார்கள். டாக் நாமை வாசலுக்கு வெளியே இழுத்துவந்தால் என்ன நடக்கும் என்ற வங்காளக் கேள்வியாகவும் அதைப் படிக்கலாம்.

டாக் நாமின் இன்னொரு முகத்தை அபர்ணா சென் தமது 'மிஸ்டர் அண்ட் மிஸஸ் ஐயர்' படத்தில் காட்டினார். 2002இல் வந்த அந்தப் படத்தில் கொங்கொனா ஏற்ற வேடம் மீனாட்சி ஐயர், கைக்குழந்தையோடு கொல்கத்தாவுக்குக் கணவனிடம் திரும்பும் தமிழ்ப் பிராமணப் பெண். வழித்துணையாக வருகிறவர் ராஜா சௌத்ரி. கலவரத்தில் சிக்கிய பேருந்தில்தான் அவர் முழுப்பெயர் ஜெஹாங்கீர் சௌத்ரி என்பது அவளுக்குத் தெரிகிறது. ராஜா என்ற டாக் நாமில் மதம் தெரியாது, பாலோ நாம் வெளியே வந்தால் உயிர் போகும். கொலைவெறியோடு ஏறியவர்கள் பெயர் கேட்கும்போது அவள் அவரைத் தன் கணவன் மணி ஐயர் என்று சொல்லிவிடுகிறாள். அந்த வேடத்துக்காகக் கொங்கொனாவுக்குத் தேசிய விருது கிடைத்தது, அம்மாவுக்குச் சிறந்த இயக்குநர் விருது. வங்காள வாயில் 'மினாக்கி' ஆகிவிடும் ஒரு பெயரை, தமிழ் வாடை மாறாத ஆங்கிலத்தில் அந்த வங்காளப் பெண் படம் முழுக்கச் சுமந்தார்.

உச்சரிக்கக் கடினமான பெயரால் ஒரு பெண்ணுக்கு உண்மையிலேயே நஷ்டம் உண்டா? ஆய்வு உண்டு. மெல்பர்ன் பல்கலைக்கழகத்தின் சைமன் லஹாமும் அவருடைய கூட்டாளிகளும் 2012இல் வெளியிட்ட ஆய்வில், எளிதில் உச்சரிக்க முடிந்த பெயர்களை மக்கள் கூடுதலாக விரும்புவதாகக் கண்டார்கள். அமெரிக்காவில் 500 வழக்கறிஞர்களின் பெயர்களை எடுத்துப் பார்த்தபோது, எளிய பெயர்க்காரர்கள் நிறுவனங்களில் சற்று மேலான இடங்களில் இருந்தார்கள். அதே ஆண்டு ரீட்டா கோலியும் டேனியல் சொலார்சானோவும் அமெரிக்கப் பள்ளிகளில் ஆசிரியர்கள் பெயரைச் சிதைப்பது பிள்ளைகள் மனதில் பல ஆண்டுகள் தங்கிவிடுவதை எழுதினார்கள். இவற்றை ஒதுக்கித் தள்ள முடியாது. ஆனாலும் இரண்டிலும் அளவுகோல் ஆங்கிலம் பேசுகிறவரின் காது. கொல்கத்தாவில் எந்தக் காதை வைத்து அளப்பது? ஒனொன்னா என்று சொல்லும் அண்டை வீட்டு மாஷிமாவுக்கு (நம் 'சித்தி' போல) அது உலகத்திலேயே எளிய பெயர். அனன்யா என்று சொல்லும் பெங்களூர் மேலாளருக்கும் அப்படியே. பெயர் கடினமாக இருப்பதில்லை. ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழியில் ஆங்கில எழுத்தென்னும் சுங்கச்சாவடியில் பொருள் பறிபோகிறது.

வாய் தவறுவதற்கும் வாய்க்கொழுப்புக்கும் வித்தியாசம் உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். 2020 அக்டோபரில் ஜார்ஜியா மாநிலக் கூட்டமொன்றில் செனட்டர் டேவிட் பெர்டியூ, தம்மோடு செனட் சபையில் மூன்றாண்டுக்கு மேல் இருந்த கமலா ஹாரிஸின் பெயரை இழுத்துக் குழப்பிக் கூட்டத்தைச் சிரிக்க வைத்தார். வேண்டுமென்று செய்யவில்லை என்றது அவர் தரப்பு. அதே பெயரைக் கொல்கத்தாவில் 'கொமொலா' என்பார்கள். குளிர்காலத்தில் டார்ஜிலிங்கிலிருந்து வந்து குவியும் ஆரஞ்சுப் பழத்துக்கும் அங்கே அதுதான் பெயர். சென்னையில் வாழ்ந்து அங்கே போன ஒரு கமலா, யாராவது 'கொமொலாதி' என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார், கோபம் வராது. அவரை அந்த மொழி தன் பெண்ணாக எடுத்துக்கொண்டதற்கு அது அடையாளம்.

ஆவணத்துக்கு வருவோம். பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969இன்படி பிறப்பை 21 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். பெயர் இல்லாமலே பதிவு செய்யலாம். பிறகு 12 மாதங்களுக்குள் கட்டணமின்றியும், தாமதக் கட்டணம் கட்டினால் 15 ஆண்டுகள் வரையும் பெயரைச் சேர்க்கலாம். சட்டம் கொடுத்திருக்கும் இந்த அவகாசத்தைப் பெற்றோர் பயன்படுத்திக்கொள்வதில்லை. மருத்துவமனையிலேயே, தூக்கக் கண்ணோடு, படிவத்தில் ஆங்கில எழுத்துகளை நிரப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். 2023இல் வந்த திருத்தம், அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் பிறக்கும் குழந்தைகளுக்குப் பிறப்புச் சான்றிதழையே பள்ளிச் சேர்க்கை முதல் பாஸ்போர்ட் வரை ஆதாரமாக்கிவிட்டது. முன்பெல்லாம் மேற்கு வங்கத்தில் மாத்யமிக் தேர்வு அட்டையில் என்ன இருக்கிறதோ அதுதான் பெயர், அதுவரை பதினைந்து பதினாறு ஆண்டுகள் திருத்திக்கொள்ள நேரம் இருந்தது. இப்போது எழுத்துக்கூட்டல் தொட்டிலிலேயே உறைந்துவிடுகிறது.

அதன் பலன் எப்படி இருக்கும் என்பதற்கு நாள்பட்ட உதாரணம் தேவையில்லை. 2025 நவம்பரில் மேற்கு வங்கம், தமிழ்நாடு முதலிய இடங்களில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியது. மேற்கு வங்கத்தில் 2002ஆம் ஆண்டுப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். முகர்ஜியும் முகோபாத்யாயும் ஒன்று, ராயும் 'ரோய்'யும் ஒன்று, பாசுவும் போஸும் ஒன்று என்பது ஊரறிந்த விஷயம். கணினிக்கு ஒவ்வொன்றும் வேறு வேறு ஆள். கல்யாணத்தில் குடும்பப் பெயரையும் மாற்றிக்கொண்ட பெண்ணுக்குத் தாள்களைச் சேர்த்துக் காட்டுவது இரட்டை வேலை.

இனி, கொல்கத்தாவில் குடியிருக்கும் தமிழர்கள். ராஷ்பிகாரி அவென்யூவை ஒட்டிய லேக் மார்க்கெட் பகுதி பல தலைமுறைகளாகத் தென்னிந்தியர் வாழும் இடம். முருங்கைக்காயும் வாழையிலையும் காப்பிப் பொடியும் கிடைக்கும் சந்தை. அங்கே ஒரு வீட்டில் பெண் பிறந்து, பெற்றோர் யாழினி என்று வைக்க ஆசைப்படுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அழகான பெயர், இன்று தமிழ்நாட்டில் வீதிக்கு ஒரு யாழினி இருக்கிறாள். வழக்கப்படி ழகரத்துக்கு 'இசட் எச்' போட்டு எழுதுவார்கள். நமக்குள் இந்த ஏற்பாடு விளங்கும். வேறு யாருக்கும் விளங்காது. இந்த இரட்டை எழுத்தைப் பார்த்த வங்காளியும் இந்திக்காரரும் அதை மூச்சுவிட்டுச் சொல்லும் 'ஜ'வாகவே எடுத்துக்கொள்கிறார்கள். கனிமொழியை வடநாட்டுப் பத்திரிகைகள் 'கனிமோஜி' என்று அச்சிடுவது இதனால்தான். தகரத்துக்கு நாம் போடும் 'டி எச்'சும் அப்படித்தான். கவிதா, சவிதா போன்ற பெயர்கள் வடக்கே போனதும் தேவையில்லாத ஒரு மூச்சு அவற்றில் வந்து ஒட்டிக்கொள்கிறது.

எல்லா மொழியிலும் பிழைத்துப்போகும் பெயர்களும் இருக்கின்றன. உமா, மீரா, லீலா, மாலா, நீலிமா என்று ஆ, இ, ஈ, உ உயிர்களும் ம, ந, ல, ர மெய்களும் மட்டும் உள்ள பெயர் வங்காளத்துக்குப் போனாலும் தமிழுக்கு வந்தாலும் ஆங்கிலத்தில் எழுதினாலும் பெரிதாக மாறுவதில்லை. அந்தப் பட்டியல் குறுகியது. எல்லாப் பெற்றோரும் அதிலிருந்தே எடுக்கத் தொடங்கினால் ஒரு வகுப்பில் நான்கு மீராக்கள் உட்கார்ந்திருப்பார்கள். மதுரிலதாவும் யசோதராவும் கயல்விழியும் பதிவேட்டிலிருந்து மெல்ல மறைவார்கள். டாக் நாமுக்குரிய இலகுவை பாலோ நாமிடமே எதிர்பார்ப்பதால் வருகிற வறுமை இது. வைக்க ஆசைப்பட்ட பெயரையே வைக்கலாம், அதை எப்படி எழுதுவது என்பதற்குச் சட்டம் தரும் ஓராண்டையும் எடுத்துக்கொள்ளலாம், கூப்பிட வேறொன்று வைத்துக்கொள்ளலாம் என்றுதான் நான் அந்த லேக் மார்க்கெட் பெற்றோரிடம் சொல்வேன்.

ழகரத்துக்கு நெருங்கிய ஒலி வங்காளத்தில் இல்லாமலில்லை. வீட்டுக்கு அவர்கள் சொல்லும் 'பாடி' என்ற சொல்லில் நடுவில் நாக்கு மடங்கித் தட்டுகிற ஒலி ஒன்று இருக்கிறது. டகரத்தின் உறவான எழுத்துக்குக் கீழே ஒரு புள்ளி வைத்து அதை எழுதுவார்கள். அச்சாக நம் ழகரம் ஆகாது. 'ஜ'வைவிட எவ்வளவோ பக்கம். பெயரை முதலில் வங்காளத்தில், யகரம் ஜகரமாகிவிடாமல் பார்த்துக்கொண்டு, அந்தப் புள்ளி எழுத்தை வைத்து எழுதிக் கொடுத்தால், பக்கத்து வீட்டு மாஷிமா படிக்கும் யாழினி தஞ்சாவூர்ப் பாட்டி சொல்லும் யாழினிக்கு ஓரளவு கிட்டத்தில் வந்து நிற்கும். அவரே அதை ஆங்கில எழுத்தில் படித்தால் 'யாஜினி'.